சுவரின்மேலா, சுவருக்குள்ளா

அக்டோபர் 3

இந்த டைரியை ஜனவரியில் ஹரிஹரன் கொடுத்தார். துறைத் தலைவர் என்ற முறையில் தாவரவியல் துறையில் எல்லோருக்கும் ஒன்று. ஒன்பது மாதமாக அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. இன்று பிரிக்க வேண்டியதாயிற்று. நடப்பதைத் தேதிவாரியாகப் பதிவு செய்யும் தேவை வந்துவிட்டது.

பின்னறையில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பூசணம். உள்ளங்கை அளவு. கருமை கலந்த பச்சை. என் மனைவி பகவதிதான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் ஈரத்துணியோடு ஓடி வந்தாள். கடைசி நொடியில் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

“துடைச்சாப் போயிரும்லா?” என்றாள்.

“போயிரும். அதுதான் பிரச்சினை.”

அவளுக்குப் புரியவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்குப் புரியாதவற்றின் பட்டியல் நீளம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். நானே எழுதியது. ஏழாம் பிரிவு: ‘சுவரின்மேல் படியும் அழுக்கு வாடகைதாரரின் பொறுப்பு, சுவருக்குள் எழும் பழுது உரிமையாளரின் பொறுப்பு.’ பூசணத்தின் இழைகள் சுவருக்குள் இருக்கின்றன. சுவரின்மேல் தெரிவது அதன் வித்துகள் மட்டுமே. எனவே இது பழுது. துணியால் துடைத்தால், அழுக்கு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“நவம்பர் ஒம்பதாம் தேதி வளைகாப்பு முடிஞ்சு பிள்ளைய கூட்டிட்டு வாறோம். இந்த ரூம்லதான் படுக்கணும்” என்றாள் பகவதி.

அதற்குள் தீர்ந்துவிடும் என்றேன்.

அக்டோபர் 5

முதல் கடிதத்தைக் கீழ்வீட்டில் சேர்ப்பித்தேன். ஞானதாஸ் மாலையில் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். இவர்தான் என் வீட்டு உரிமையாளர். அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று, “சார் படிச்சவங்க, எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று வாசிக்காமலே போட்டவர். எட்டாம் வகுப்பு படித்தவருக்கு இரண்டு மாடி. முதுநிலைப் பட்டம் வாங்கியவன் அதில் ஒன்றில் வாடகைக்கு. எங்கள் பூர்வீக வீட்டில் அண்ணன் இருக்கிறார். அவரோடு பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. அது வேறு கதை.

“என்னத்துக்கு சார் லெட்டரு? படியில நின்னு ஒரு சத்தம் குடுத்தா வந்திருவேனே” என்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். “ஓதமாக்கும். நாளைக்குக் காலைல பிளீச்சிங் பவுடர் கலக்கிட்டு வந்து தேச்சு விடுதேன்.”

“உரிமையாளர் என்ற முறையில் தேய்க்கிறீர்களா, உதவியாகத் தேய்க்கிறீர்களா?”

அவர் சற்று யோசித்தார். “பிரஷ் வச்சுத்தான் சார் தேய்க்கணும்.”

இவர்களோடு எப்படிப் பேசுவது? எதுவானாலும் எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 6

காலை ஏழு மணிக்கு வாளியோடு வந்து நின்றார். எழுத்தில் இல்லை. திருப்பி அனுப்பினேன்.

அக்டோபர் 12

பத்தொன்பது சென்டிமீட்டர் அகலம், பதினான்கு உயரம். விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதினேன். பக்கத்தில் ஒரு தாளும் ஒட்டினேன்: ‘சான்று. தொடக் கூடாது.’

உருப்பெருக்கியில் பார்த்ததில் கிளாடோஸ்போரியம் வகை என்று படுகிறது. என் முனைவர் பட்ட ஆய்வே பூசணங்களைப் பற்றியதுதான். எண்பது விழுக்காடு முடிந்துவிட்டது. பத்தொன்பது ஆண்டுகளாக எண்பதில் நிற்கிறது. ஹரிஹரன் ஏதோ கடற்பாசியைப் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதி முனைவரானார், முனைவரானதால் துறைத் தலைவரானார். கடற்பாசி! எதிர்த்து வளர ஒரு சுவர்கூட வேண்டாத உயிர்.

பகவதி தாளைப் பார்த்துவிட்டு, “மாசமா இருக்க பிள்ளை படுக்குத எடத்துல போர்டா?” என்றாள்.

மகள் தாரணிக்குச் சிறு வயதில் வீசிங் இருந்தது என்பதையும் நினைவூட்டினாள். இருந்தது. எந்தக் குழந்தைக்குத்தான் இல்லை?

அக்டோபர் 18

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாகர்கோவிலில் மழை பெய்யாத மாதம் எது என்று கேட்டால் யாரும் யோசித்துத்தான் சொல்வார்கள்.

பகவதி ஒரு புதிய கோட்பாட்டோடு வந்தாள். பின்னறை ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றோட்டம் வரும், ஈரம் காயும் என்கிறாள். ஜன்னலுக்கு முன்னால் என் புத்தக அலமாரி இருக்கிறது. அது அங்கே இருப்பது வாசிப்பு வசதிக்காக.

“அந்த ரூம்ல என்னைக்கு உக்காந்து வாசிச்சிய?”

அலமாரி அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. ஹரிஹரன் துறைத் தலைவரான அதே வாரம் என்பது தற்செயல். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே பின்தெரு. பின்தெருவில் அவர் வீட்டு பால்கனி. ஒவ்வொரு நாள் காலையும் காபி தம்ளரோடு நின்று எனக்குக் கை காட்டுவார். வென்றவன் தோற்றவனுக்குக் கை காட்டுவதில் என்ன நல்லெண்ணம் இருக்க முடியும்? அன்று முதல் அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பகவதியும் எடுத்ததில்லை.

இதற்கும் பூசணத்துக்கும் தொடர்பில்லை.

அக்டோபர் 24

இருபத்தெட்டுக்கு இருபத்தொன்று. இரண்டாம் கோடு போட்டேன். இரண்டாம் கடிதமும் கொடுத்தாயிற்று.

பதிலுக்குப் பதிலாக ஒரு கொத்தனார் வந்தார். பெயர் மரியசெல்வம். வெளிப்பக்கம் ஏணி போட்டு ஏறிச் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மொட்டைமாடியைப் பார்த்தார், குழாய்களைப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து உள்ளே வந்து, பென்சில் கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

“வெளிய ஒரு வெடிப்பு கெடையாது. பைப்பும் லீக் இல்ல. அடைச்சுப் போட்ட ரூமாக்கும் சார். பீரோவ இழுத்துட்டு ஜன்னலத் தொறந்தாப் போதும். ஒரு பைசா செலவில்ல.”

“அது பீரோ இல்லை, புத்தக அலமாரி. நீங்கள் கட்டடப் பொறியியல் படித்திருக்கிறீர்களா?”

“இல்ல சார். கட்டடம் கட்டியிருக்கேன்.”

ஞானதாஸ் அனுப்பிய ஆள் ஞானதாஸுக்குச் சாதகமாகத்தான் சொல்வார். குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 30

வழக்கறிஞர் ஐயப்பனைப் பார்த்தேன். என் பழைய மாணவன். தாவரவியலைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனவன். ஒப்பந்தத்தை வாசித்தான், வளர்ச்சிக் குறிப்புகளை வாசித்தான்.

“சார், நாலு போட்டோ எடுத்து வச்சுட்டுத் துடைச்சிருங்க. போட்டோ போதும்.”

செல்பேசியில் எடுத்துப் பார்த்தேன். அறையில் வெளிச்சம் போதவில்லை. எல்லாப் படத்திலும் கறுப்பின்மேல் கறுப்பு. ஆகவே மூலச் சான்றே நீடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஐயப்பன் என் தாளில் நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கியவன் என்பது வீடு திரும்பும் வழியில் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 9

திருநெல்வேலியில் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு. கூட்டம் அதிகம். சம்பந்தியம்மாள் என்னிடம், “தலப்பிரசவம், தாய்வீட்டு மொறை. பத்திரமாப் பாத்துக்கிடுங்க அண்ணே. இல்லன்னா நாங்களே வச்சுக்கிடுதோம்” என்றார். கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் நான் எப்போதும் கவனிப்பேன்.

மாலையில் தாரணியைக் காரில் அழைத்து வந்தோம். கை நிறைய வளையல். வழியெல்லாம் சத்தம்.

நவம்பர் 10

தாரணி சுவரைப் பார்த்தாள். நான்கு கோடுகள், நான்கு தேதிகள், ஓர் அறிவிப்பு.

“என்னப்பா இது, மேப்பா? இது எந்த நாடு?”

விளக்கினேன். ஏழாம் பிரிவு, இழைகள், வித்துகள். நன்றாகக் கேட்டாள். எப்போதும் அவள்தான் நன்றாகக் கேட்பாள்.

“அப்போ நம்ம பக்கம் நியாயம் இருக்குல்ல?”

“முழுக்க.”

“சரிப்பா. நாம ஜெயிச்ச பெறவு மூச்சு விட்டுக்கிடுதேன்.”

சிரித்தாள். பிறகு இருமினாள்.

நவம்பர் 13

கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். சுவரைத் துடைக்க வேண்டியதில்லை, ஆளை மாற்றினால் போதும் என்ற என் தீர்வை யாரும் பாராட்டவில்லை. காலையில் தாரணியின் நெஞ்சில் விசில் சத்தம். மருத்துவமனைக்குப் போய் நெபுலைசர் வைத்துத் திரும்பினோம். டாக்டரம்மா வீட்டில் ஈரம் உண்டா, பூசணம் உண்டா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பகவதி, “இருக்கு டாக்டர். கோடு போட்டு வளக்குதோம்” என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

மாலையில் சம்பந்தியம்மாளின் தொலைபேசி. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் அனுப்புவார்களாம். பிரசவம் திருநெல்வேலியிலேயே இருக்கட்டுமாம். பகவதி போனை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அங்கிருந்து பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. அவள் அழுதாளா என்று போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டி வந்திருக்கும்.

நவம்பர் 14

மூன்றாம் கடிதம். கடுமையான நடை. ‘என் மகளின் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவியலாமல் போவதற்கான முழுப் பொறுப்பும் தங்களையே சாரும். இரண்டு நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை.’

நவம்பர் 15

எழுத்துமூலம் பதில் வந்துவிட்டது. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தில்:

‘சார். பிள்ளையைக் கீழே கூட்டி வாங்க. முன் ரூம் ஒழிச்சாச்சு. காத்து நல்லா வரும். ஸ்டெல்லா கூட இருப்பா. ஞானதாஸ்.’

என் கடிதத்தின் நான்காம் பத்திக்கு இதில் பதில் இல்லை. கோப்பில் சேர்த்தேன்.

நான் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தபோது, ஞானதாஸின் மனைவி ஸ்டெல்லா மேலே வந்து தாரணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். “நீ ஒண்ணயும் தூக்காத மக்களே, மெதுவா எறங்கு” என்று சத்தம் கேட்டது. பகவதி தலையணைகளோடு பின்னால் போனாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. படியில் வளையல் சத்தம் இறங்கிப் போயிற்று.

நவம்பர் 16

சம்பந்தியம்மாள் காரோடு வந்தார். கீழே இருக்கிறார்கள் என்று கேட்டு நேரே ஞானதாஸ் வீட்டுக்குள் போய்விட்டார். முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், கொசுவலையைப் பார்த்தார், வேப்பிலைக் கொத்தைப் பார்த்தார். மாதா படத்தையும் பார்த்தார்.

“கீழ் போர்ஷனும் உங்களுக்குத்தானா அண்ணே? போன்ல என்னமோ சொன்னாங்க. இது நல்லாத்தான இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற ஞானதாஸ், “சாருக்க வீடுதான்” என்றார். “நாங்க பின்னால இருக்கோம்.”

கார் காலியாகத் திரும்பியது.

உரிமையாளரே தம் உரிமையை மறுத்துச் சொன்ன பொய்ச் சாட்சியம். வழக்குக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் அதைத் திருத்தவில்லை என்பதை எழுத வேண்டிய அவசியமில்லை.

நவம்பர் 25

முப்பத்தாறுக்கு முப்பது. தனியாக இருப்பதில் அளப்பது சுலபம்.

சாப்பாடு கீழிருந்து தூக்குச்சட்டியில் வருகிறது. இன்று அவியல். நன்றாக இருந்தது. யார் செய்தது என்று கேட்கவில்லை, பகவதியாக இருந்தால் தேங்காய் இன்னும் நைசாக அரைத்திருப்பாள்.

டிசம்பர் 8

வருடந்தோறும் கிறிஸ்துமஸுக்கு முன் ஞானதாஸ் வீட்டுக்கு வெள்ளையடிப்பார். மாடிக்கும் சேர்த்து அடித்துத் தருவார். இம்முறை சான்றின்மேல் அடிக்க விடக் கூடாது என்று நான்காம் கடிதத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தேன். சுண்ணாம்பும் வந்து இறங்கியது. ஆனால் யாரும் அடிக்கவில்லை. படியில் பார்த்தபோது கேட்டேன்.

“இந்த வருசம் இல்ல சார். பிள்ளைக்கு அந்த வாசம் ஒத்துக்காதுன்னு ஸ்டெல்லா சொல்லிட்டா. முப்பத்திரண்டு வருசத்துல மொத தடவை.”

சோம்பலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கடிதம் வீண்.

டிசம்பர் 29

பெண் குழந்தை. காலை பதினொன்று நாற்பது. இரண்டு கிலோ எண்ணூறு. தாரணி நலம். இருவரும் நன்றாக மூச்சு விடுகிறார்கள்.

அளவெடுக்கவில்லை.

ஜனவரி 2

மருத்துவமனையிலிருந்து வந்தார்கள். ஆரத்தி கீழ்வீட்டு வாசலில். தட்டை ஸ்டெல்லாவிடமிருந்து பகவதி வாங்கி எடுத்தாள். நான் படியில் நின்றேன். குழந்தையின் முகத்தை முழுதாகப் பார்க்க முடியவில்லை, துண்டு மறைத்தது.

“எப்போ மேலே வருவீங்க?” என்றேன் பகவதியிடம்.

“நீங்க அந்தச் சுவரைத் துடைச்ச அன்னைக்கு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 5

குழந்தை அழுவது தரை வழியாகக் கேட்கிறது. ஸ்டெல்லா ஏதோ ஞானப்பாட்டு பாடி ஆற்றுகிறார். சுருதி சேரவில்லை. ஆனால் அழுகை நிற்கிறது. மாடிப்படி பதின்மூன்று. இன்று நான்கு முறை எண்ணினேன்.

ஜனவரி 6

ஐயப்பன் படம் கேட்டு நினைவூட்டினான். அறையில் வெளிச்சம் போதாதது குறித்து முன்பே எழுதியிருக்கிறேன். எனவே, படம் எடுக்கும் நோக்கத்துக்காக மட்டும், அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். ஆய்வேட்டுக் கோப்புகள் மட்டும் ஒன்பது. எல்லாவற்றின் முதுகிலும் பூசணம். கிளாடோஸ்போரியம் அல்ல, வேறு. நேரம் கிடைக்கும்போது பார்க்க வேண்டும். பிறகு அலமாரியை இழுத்தேன். ஜன்னல் கொக்கி துருவேறி இருந்தது. செருப்பால் இரண்டு தட்டு தட்டியதும் திறந்தது.

ஹரிஹரன் நிற்பார், காபி தம்ளரோடு நிற்பார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

பால்கனியில் யாரோ ஓர் அம்மாள் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, “காக்கா வந்தா ஒரு சத்தம் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் நின்றேன். காகம் இரண்டு முறை வந்தது.

ஜனவரி 7

பகவதியிடம் கேட்டேன். கீழ்வீட்டு வாசலில் நின்றபடிதான்.

“அவங்க வீடு மாத்தி ரெண்டு வருசம் ஆச்சு. காலேஜ் பக்கமே போயிட்டாங்க.”

“ஏன் சொல்லலை?”

“அந்தப் பேரை எடுக்கக் கூடாதுன்னியளே.”

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீடு மாற்றியிருக்கிறார். இரண்டு வருடமாகத் தினமும் கல்லூரியில் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். ஹரிஹரனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஜனவரி 9

ஜன்னல் திறந்தே இருக்கிறது. கொக்கி துருவேறியதால் மூட வரவில்லை. மழை விட்டு நல்ல வெயில். இருபத்தெட்டுக்கு இருபது. பூசணம் கோட்டுக்குள் பின்வாங்குகிறது. அக்டோபர் 24 அளவுக்கு வந்துவிட்டது.

சான்று தானாக அழிந்துகொண்டிருப்பதை ஐயப்பனிடம் சொன்னேன். “ரொம்ப நல்லது சார்” என்றான். நாற்பத்தொன்றே அதிகம்.

ஜனவரி 10

அளவுகோலை வைத்தபோது காய்ந்த பூசணம் தூளாகி அதில் ஒட்டிக்கொண்டது. அளவுகோலைத் துடைக்க ஈரத்துணி எடுத்தேன். துணி தற்செயலாகச் சுவரில் பட்டது. ஒருமுறை பட்டபின் பாதியில் நிறுத்துவது அறிவியல் முறையாகாது. கீழே இறங்கி, பிளீச்சிங் பவுடர் இருக்கிறதா என்று ஞானதாஸிடம் கேட்டேன். அக்டோபரில் கலக்க வைத்திருந்த அதே பொட்டலத்தை எடுத்துத் தந்தார். எந்த முறையில் தருகிறார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது முன்னறை திறந்திருந்தது. தாரணி, “உள்ள வந்து பிள்ளையப் பாக்கலாமே அப்பா” என்றாள். எழுத்துமூல அழைப்பு ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்ததால் உள்ளே போனேன்.

குழந்தைக்கு என் மூக்கு. பரவாயில்லை, வளர்ந்தால் மாறலாம்.

ஜனவரி 12

சுவரில் இப்போது பென்சில் கோடுகள் மட்டும்தான். உள்ளே ஒன்றும் இல்லாமல் ஐந்து வட்டங்கள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பகவதி மேலே வந்து நின்று பார்த்தாள். ‘தொடக் கூடாது’ தாளைக் கிழித்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

“வெள்ளையடிச்சு, வாசம் போக நாலு நாள் விட்டுட்டு, பிள்ளைய மேல கொண்டு வந்திருவோம்” என்றாள்.

ஞானதாஸ் சுண்ணாம்பு வாளியோடும் ஏணியோடும் வந்தார். கிறிஸ்துமஸுக்கு வாங்கியது. வாசலில் நின்று, “சார், எழுதித் தரணுமா?” என்று கேட்டார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்கிறார்.

“வேண்டாம்” என்றேன்.

ஏறினார். வயது அறுபத்தாறு, ஏணிக்கு ஒரு கால் குட்டை. இரண்டாம் படியிலேயே ஆடியது. ஒப்பந்தத்தை மனத்துக்குள் முழுதாக ஓட்டிப் பார்த்தேன். பதினான்கு பிரிவு. ஏணியை யார் பிடிக்க வேண்டும் என்று எதிலும் இல்லை.

பிடித்துக்கொண்டேன்.